வெளிநாட்டுப் பணம் வீடு வந்து சேரும் வரை யார் பொறுப்பு?

ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். ஊரிலிருக்கும் தம் தாயாருக்கென்று 48,000 ரூபாய் அனுப்புகிறார். தாயாரிடம் பாங்க் கணக்கில்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்புகிறார். பணம் அவருடைய கணக்கில் அந்த நிமிடமே வந்து விழுந்து விடுகிறது. 'நாளை எடுத்துக் கொடுக்கலாம்' என்று அவர் இருக்கையில், அன்றிரவே அனுப்பியவர் வஃபாத்தாகி விட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இப்போது அந்த 48,000 ரூபாய் யாருக்குச் சொந்தம்?

'இதிலென்ன சந்தேகம், தாய்க்குத்தான்' என்று நம்மில் பெரும்பாலோர் சொல்லி விடுவோம். மார்க்கச் சட்டம் அவ்வளவு விரைவாகப் பதில் சொல்வதில்லை. பணம் புறப்பட்ட நேரத்திலிருந்து போய்ச் சேரும் நேரம் வரை ஒவ்வொரு கட்டத்திலும் அது யாருடைய கையில், யாருடைய பொறுப்பில் இருந்தது என்று கேட்கிறது. இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக் கொண்டால், வெளிநாட்டுப் பணம் சம்பந்தமான மஸாயில்களில் பாதிக்கு மேல் தாமாகவே விளங்கி விடும். அதையே இங்கு பார்ப்போம்.

ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையிலுள்ள நம் திமிரியிலும், மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களிலும் இருவகை வெளிநாட்டுப் பணம் வருகிறது. ஒன்று தோல் ஏற்றுமதிக்காரர்களுக்கு வருவது. அது பெரிய பாங்குகளின் வழியே, சரக்குப் பத்திரங்களைக் காட்டி வாங்கப்படும் பணம். அதன் சட்டங்கள் தனி. அதை இங்கே எடுத்துக் கொள்ளவில்லை. மற்றொன்று வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் மாதப் பணம். தொகை சிறிது. ஆனால் அரிசி, பள்ளிக் கட்டணம், மருந்து, தங்கையின் நிக்காஹ் எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கின்றன.

முன்பெல்லாம் இந்தப் பணம் எப்படி வந்தது என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பாங்க் டிராஃப்ட் எடுத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவார்கள். அது வந்து, உள்ளூர் பாங்கில் போட்டு, மாறிப் பணமாவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் ரங்கூன், பினாங்கு காலம். 1937ஆம் ஆண்டு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆரம்பிக்கப்பட்டபோது காரைக்குடி, சென்னையுடன் ரங்கூனிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள் என்றால், அக்கரைச் சீமைப் பணம் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு முக்கியமாயிருந்தது என்பதை ஊகித்துக் கொள்ளலாம். சிங்கப்பூரில் நாணயம் மாற்றும் தொழிலிலும் தமிழ் முஸ்லிம்களே பெருவாரியாக இருந்து வந்திருக்கிறார்கள்.

இன்றுள்ள வழி வேறு. நம் நாட்டில் 2016இல் யூ.பி.ஐ. முறை வந்தது. சிங்கப்பூரில் 2017இல் பேநவ் என்ற அதே போன்ற முறை வந்தது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் தேதி இவ்விரண்டையும் இணைத்தார்கள். நம் ரிசர்வ் வங்கியின் கவர்னரும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் தலைமை அதிகாரியும் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பித் தொடங்கி வைத்தார்கள். ஆரம்பத்தில் ஸ்டேட் பாங்க், இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி ஆகிய நான்கில் அனுப்பவும் பெறவும் வசதி செய்யப்பட்டது. வேறு சில பாங்குகள் பிறகு சேர்ந்தன. சிங்கப்பூர்ப் பக்கத்தில் டி.பி.எஸ். வங்கி முதலில் சேர்ந்தது. ஒரு நாளைக்கு 60,000 ரூபாய், அதாவது ஏறக்குறைய ஆயிரம் சிங்கப்பூர் டாலர், என்று வரம்பு வைத்தார்கள். அண்டை நாடான நேபாளத்துக்கு நம் நாட்டிலிருந்து பணம் அனுப்பும் தனித் திட்டம் 2008இலேயே வந்து விட்டது. 50,000 ரூபாயாக இருந்த அதன் வரம்பு 2021இல் 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. இலங்கையில் 2024 பிப்ரவரியில் தொடங்கியது சற்று வேறு விதம். அங்கே செல்லும் நம்மவர் கடைகளில் கட்டத்துக்குள் புள்ளியிட்ட அட்டையைப் படம் பிடித்துப் பொருளுக்கு விலை கொடுப்பதற்கான வசதி அது. அதில் கொடுப்பது வியாபாரத்தின் கிரயம். வீட்டுக்குப் பணம் அனுப்புவதன் சட்டத்தை அதனுடன் குழப்பிக் கொள்ளக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் தட்டினால் திமிரியில் மணியடிக்கிறதே, கடலைத் தாண்டி ஏதாவது வருகிறதா? ஒரு நோட்டும் வருவதில்லை. அங்குள்ள பாங்க் அனுப்புகிறவருடைய கணக்கில் டாலரைக் குறைத்து எழுதிக் கொள்கிறது. இங்குள்ள பாங்க் பெறுகிறவருடைய கணக்கில் ரூபாயைக் கூட்டி எழுதுகிறது. பாங்குகள் தமக்குள்ளே வைத்திருக்கும் கணக்குகளில் பிற்பாடு நேர் செய்து கொள்கின்றன. ஓரூரில் வாங்கிக் கொண்டு வேறோரூரில் கொடுக்கச் செய்வது என்ற இந்த ஏற்பாடு புதிதல்ல. ஃபிக்ஹு நூல்களில் இதற்கு 'ஸுஃப்தஜா' என்று பெயர்.

அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் மக்களிடமிருந்து திர்ஹம்களை வாங்கிக் கொண்டு, இராக்கிலிருந்த தம் சகோதரர் முஸ்அபுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்களாம். மக்கள் அங்கே போய் அவரிடம் பெற்றுக் கொள்வார்கள். இது பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அதில் குற்றமொன்றுமில்லை என்று கருதினார்கள் என அறிவிக்கப்படுகிறது.

அப்படியிருந்தும் இமாம்கள் இதில் ஒரே கருத்தில் இல்லை. காரணம் நுட்பமானது. மக்காவில் கொடுத்த பணம் கடன். கடன் கொடுத்தவனுக்கு அதனால் ஓர் ஆதாயம் கிடைக்கிறது. வழியிலே கள்ளர் பயமில்லாமல் பணம் இராக் போய்ச் சேருகிறது. கடனால் வரும் ஆதாயம் வட்டியின் சாயல் உடையதல்லவா? ஆகவேதான் ஹனஃபி மத்ஹபில், இன்ன ஊரில் தர வேண்டுமென்று நிபந்தனையிட்டுக் கொடுப்பது மக்ரூஹ், நிபந்தனையில்லாமல் கொடுத்து விட்டுப் பிறகு கடிதம் பெற்றால் குற்றமில்லை என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலும் அந்த நிபந்தனை கூடாது. மாலிக்கி மத்ஹபில் வழிப் பயம் பரவலாக இருந்தால் மட்டும் அனுமதி. ஹன்பலி மத்ஹபின் ஒரு கூற்றிலோ, ஆதாயம் இருவருக்கும் உள்ளதாகையால் கூடும் என்று வருகிறது. இப்னு குதாமா (ரஹ்), இப்னு தைமிய்யா (ரஹ்) போன்றோர் அதையே ஏற்றார்கள்.

இந்தக் கருத்து வேறுபாடு ஏட்டோடு நின்று விடவில்லை. இந்தியத் தபால் இலாகாவில் 1880இல் மணியார்டர் வந்தது. தபால் நிலையத்தில் கொடுத்த அதே ரூபாய் போய்ச் சேருவதில்லை; வேறு ரூபாய்தான் சேருகிறது. ஆக அது கடன். அதோடு கமிஷனும் வாங்குகிறார்கள். இது வட்டியாகாதா என்று உலமாக்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. மௌலானா ரஷீத் அஹ்மத் கங்கோஹி (ரஹ்) அவர்கள் கூடாது என்றே ஃபத்வா கொடுத்தார்கள். பின்னர் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) அவர்கள், மணியார்டரில் இரண்டு விவகாரங்கள் சேர்ந்துள்ளன, பணத்தைப் பொறுத்த வரை அது கடன், கமிஷனோ பாரம் எழுதி அனுப்பி வைக்கும் வேலைக்கான கூலி, தனித்தனியே இரண்டும் கூடுமாகையால் சேர்ந்தும் கூடும் என்று விளக்கி, மக்கள் யாவரும் அதில் ஈடுபட்டு விட்ட நிலையையும் கருதி அனுமதித்தார்கள். பெரியார்கள் ஒரு புதிய விஷயத்தை எப்படிப் பிரித்துப் பார்த்தார்கள் என்பதற்கு இது நல்ல பாடம். இன்று நாம் கைப்பேசியில் அனுப்புவதும் இதே அமைப்புத்தான். பாங்க் வாங்கும் கட்டணம் வேலைக்கான கூலி. ஆகவே அது கூடும்.

ஆனால் மணியார்டரில் இல்லாத ஒன்று இங்கே கூடுதலாக இருக்கிறது. கொடுப்பது டாலர், பெறுவது ரூபாய். நாணயத்துக்கு நாணயம் விற்பதை 'ஸர்ஃப்' என்பார்கள். தங்கம், வெள்ளி பற்றி நபி (ஸல்) அவர்கள் கற்பித்த சட்டம் யாவரும் அறிந்ததே. ஒரே இனமாயின் சமமாகவும் கைக்குக் கை உடனடியாகவும் இருக்க வேண்டும். இனம் வேறுபட்டால் கூடுதல் குறைவாக விற்கலாம், ஆனால் அப்போதும் கைக்குக் கை மாற வேண்டும். காகித நாணயத்துக்கும் வட்டி, ஸகாத் சட்டங்கள் உண்டு என்று இஸ்லாமிய நாடுகளின் ஃபிக்ஹு அகாடமி 1986இல் அம்மானில் கூடி முடிவு செய்தது. வெவ்வேறு நாட்டு நாணயங்கள் வெவ்வேறு இனங்கள். எனவே ஒரு டாலருக்கு 65 ரூபாய் என்று விற்பதில் தடையில்லை. கேள்வியெல்லாம் 'கைக்குக் கை' என்பதில்தான்.

கையில் எடுத்துக் கொடுக்காமல் கணக்கில் எழுதினால் அது கைப்பற்றியதாகுமா? அதே அகாடமி 1990இல் ஜித்தாவில் இதற்கு விடை தந்தது. பாங்க் கணக்கில் உறுதியாக வரவு எழுதப்படுவது சட்டப்படி கைப்பற்றியதாகவே கொள்ளப்படும். பாங்குகளின் வழக்கப்படி ஏற்படும் சிறு தாமதம் மன்னிக்கப்படும், ஆனால் உண்மையில் வந்து சேரும் வரை பெறுகிறவர் அதை வைத்து வேறு வியாபாரம் செய்யக் கூடாது. நாணயம் மாற்றுவதும் அனுப்புவதும் சேர்ந்து வரும்போது, முதலில் மாற்று விகிதம் முடிவாகி எழுத்தில் கிடைக்க வேண்டும், அதன் பிறகே அனுப்புதல் என்று 1995இல் அபூதாபிக் கூட்டத்தில் தெளிவாக்கினார்கள். நம் பகுதி ஹனஃபி உலமாக்களில் பலர், காகித நோட்டு தங்கம் வெள்ளியைப் போன்றதல்ல, சில்லறைக் காசுகளைப் போன்றது, எனவே இரு நாட்டு நாணயங்களை அன்றைய சந்தை விகிதத்தில் மாற்றும்போது ஒரு பக்கம் கைமாறினாலும் போதும் என்ற இலேசான வழியையும் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டு நடைமுறையில் இதன் பொருளென்ன? 'அனுப்பு' என்று உறுதி செய்வதற்கு முன்பே விகிதம் திரையில் தெரிய வேண்டும். இத்தனை டாலர் போகும், இத்தனை ரூபாய் சேரும், கட்டணம் இவ்வளவு என்று மூன்றும் தெரிந்த பிறகு அழுத்தினால் ஸர்ஃப் சரியாக நிறைவேறும். இப்போதைய பாங்க் செயலிகள் இதைக் காட்டுகின்றன. நம்மில் பலர் பார்க்காமலே அழுத்தி விடுகிறோம். 'பணத்தைக் கொடுத்துட்டுப் போங்க பாய், போய்ச் சேருற அன்னைக்கு என்ன ரேட்டோ அது' என்று சொல்லும் ஏஜெண்டுகளிடம் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். விலை தெரியாத விற்பனை அது.

இன்னொரு விஷயம். 'கட்டணமே இல்லை' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இனாமாக வேலை செய்வதில்லை. 500 டாலர் அனுப்புகிறீர்கள். சந்தையில் டாலர் 65 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 32,500 வர வேண்டும். அவர்கள் 63.50 கொடுத்தால் 31,750தான் வரும். 750 ரூபாய் விகிதத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது. சொல்லி விற்றால் இது ஹராமல்ல, வியாபார இலாபமே. ஆனால் 150 ரூபாய் கட்டணத்தைப் பார்த்துப் பயந்து 750 ரூபாயை இழப்பவர்களும் இருக்கிறார்கள். கட்டணத்தைப் பார்க்காதீர்கள், கடைசியில் ஊரில் எத்தனை ரூபாய் சேருகிறது என்று மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். உலக வங்கியின் கணக்குப்படி உலகெங்கும் சராசரியாக நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் இவ்விதம் வழியிலேயே கரைந்து போகிறது. 2030க்குள் அதை மூன்றுக்கும் கீழாகக் குறைக்க வேண்டுமென்பது ஐக்கிய நாடுகள் சபை வைத்திருக்கும் இலக்கு.

உண்டியல் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். அங்கே ஒருவரிடம் கொடுத்தால் இங்கே ஒருவர் வீட்டில் கொண்டு வந்து கொடுத்து விடுகிறார், விகிதமும் கூடுதல், இது ஸுஃப்தஜா தானே என்பார்கள். அமைப்பில் ஸுஃப்தஜாதான். ஆயினும் 1973ஆம் ஆண்டு அன்னியச் செலாவணிச் சட்டமும், அதன் இடத்தில் 2000 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இதைத் தடுத்திருக்கின்றன. மார்க்கத்துக்கு விரோதமில்லாத ஒரு சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக் கொண்டு ஒரு நாட்டில் குடியிருக்கிறோம். விசா வாங்குவதும் அந்த ஒப்பந்தத்தின் பேரில்தான். அதை மறைவாக மீறுவதற்கு உலமாக்கள் இடம் தருவதில்லை. நம்முடைய கேள்வியையும் இங்கே கேட்டுப் பாருங்கள். உண்டியலில் கொடுத்த பணம் வழியில் யார் பொறுப்பில் இருக்கிறது? ரசீதுமில்லை, சாட்சியுமில்லை. கொண்டு வருகிறவர் பிடிபட்டால் பணம் போயிற்று. போய்க் கேட்க ஒரு வாசலுமில்லை. உழைப்பாளியின் இரண்டு மாதச் சம்பளத்தை இப்படி ஆபத்தில் போடுவது புத்திசாலித்தனமாகுமா?

இதோடு சேர்ந்த இன்னொரு தீமை இப்போது பரவி வருகிறது. 'உங்கள் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்' என்று இளைஞர்களிடம் வருகிறார்கள். மோசடி செய்து பறித்த பணத்தைக் கைமாற்றவே அந்தக் கணக்கு பயன்படுகிறது. அந்தக் கமிஷன் ஹராம். வழக்கு வந்தால் முதலில் மாட்டுவதும் கணக்குக்காரன்தான்.

பணம் நம் கணக்கில் வந்து விட்டது. இனிமேல்தான் பெரிய விஷயம் இருக்கிறது. பிறருக்கு வந்த பணம் நம் கணக்கில் இருந்தால் நாம் யார்? நாம் வகீல், அதாவது அவருடைய பிரதிநிதி. நம்மிடமுள்ளது அமானத். 'நம்ம பணமும் அதிலேதான் கிடக்குது, இன்னைக்கு எடுத்துக்கிட்டு நாளைக்கு வேறே போட்டுக் கொடுத்துட்டா என்ன?' என்று நினைப்பது சகஜமாகி விட்டது. அனுமதியில்லாமல் ஒரு நாளைக்கு எடுத்துச் செலவு செய்தாலும் அது அமானத்தில் கியானத். அமானத்தின் சட்டம் இதுதான்: கவனக் குறைவின்றி அது தொலைந்தால் வைத்திருந்தவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. கை வைத்து விட்டாலோ அந்த நிமிடத்திலிருந்து முழுப் பொறுப்பும் அவர் தலையில்.

இதை நன்கு விளக்கும் ஒரு சம்பவம் முவத்தாவில் வருகிறது. உமர் (ரலி) அவர்களின் மக்களான அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் இராக்கில் இராணுவ சேவை முடிந்து மதீனா திரும்புகிறார்கள். பஸராவின் கவர்னரான அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்குக் கலீஃபாவிடம் அனுப்ப வேண்டிய பொதுப் பணம் இருந்தது. அதை அவ்விருவரிடமும் கடனாகக் கொடுத்து, இங்கே சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலை அமீருல் முஃமினீனிடம் சேர்த்து விடுங்கள், இலாபம் உங்களுக்கு என்றார்கள். அப்படியே செய்து இலாபமும் வந்தது. உமர் (ரலி) அவர்கள் விசாரித்தார்கள்: இதே போலப் படையிலிருந்த எல்லோருக்கும் கடன் கொடுக்கப்பட்டதா? இல்லை என்றதும், முதலையும் இலாபத்தையும் கொண்டு வந்து வையுங்கள் என்றார்கள். அப்துல்லாஹ் (ரலி) மௌனமாக இருந்தார்கள். உபைதுல்லாஹ்வோ, பணம் வழியில் தொலைந்திருந்தால் நாங்கள்தானே ஈடு செய்திருப்போம் என்று வாதாடினார்கள். கடைசியில் சபையிலிருந்த ஒருவர் சொன்ன யோசனைப்படி, கூட்டு வியாபாரமாகக் கருதிப் பாதி இலாபம் பொது நிதிக்கும் பாதி அவ்விருவருக்கும் என்று முடிந்தது.

பணம் அனுப்பும் விவகாரந்தான் இதுவும்! பஸராவில் கொடுத்து மதீனாவில் சேர்ப்பது. அனுப்பியவர் அனுமதித்திருந்தும், நஷ்டப் பொறுப்பை ஏற்றிருந்தும், கலீஃபாவின் மக்களுக்கே இவ்வளவு கேள்வி. அனுமதியும் கேட்காமல் அடுத்த வீட்டு அம்மாவின் பணத்தில் தம் கடைக்குச் சரக்கு போடுகிறவர் என்ன பதில் சொல்வார்?

இந்த வகீல் யாருடைய வகீல் என்பதையும் பார்க்க வேண்டும். ஜைது என்பவர் பக்ரு என்பவருக்குக் கடன் தர வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். 'என் தம்பி கணக்குக்கு அனுப்பி விடு' என்று பக்ரு சொல்லி, ஜைது அப்படியே அனுப்பினால், தம்பி பக்ருடைய வகீல். பணம் தம்பியின் கணக்கில் விழுந்ததும் ஜைதுடைய கடன் தீர்ந்தது. பிறகு தம்பி செலவழித்து விட்டால் அது அண்ணன் தம்பி விவகாரம். அப்படியில்லாமல், பக்ரு ஒன்றும் சொல்லாதிருக்க, ஜைதே தமக்குத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி 'பக்ருவிடம் கொடுத்து விடு' என்றால், அவர் ஜைதுடைய வகீல். பக்ரு கையில் சேரும் வரை ஜைதுடைய கடன் தீராது. வழியில் போனால் ஜைது மீண்டும் கொடுக்க வேண்டும். ஒரே எண், ஒரே தொகை. யார் சொல்லி அனுப்பப்பட்டது என்பதைக் கொண்டு சட்டம் மாறி விடுகிறது. ஆகவே கடன் திருப்புகிறவர்கள், 'எந்த எண்ணுக்கு அனுப்பட்டும்?' என்று கடன் கொடுத்தவரையே கேட்டு, அவர் பதிலை எழுத்தில் வைத்துக் கொள்வது நல்லது.

எண் தவறி முன்பின் அறியாதவருக்குப் போய் விட்டால்? அனுப்பியவர் உடனே தம் பாங்கில் புகார் எழுத வேண்டும். பெற்றவர் அதைத் தொடக் கூடாது. 'அல்லாஹ் கொடுத்தான்' என்று செலவு செய்வோருக்கு, கொடுத்தவன் ஒரு மனிதன், அவன் தேடிக் கொண்டிருக்கிறான் என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். மகன் தாய்க்கு அனுப்பியது அன்பளிப்பு, ஹிபா. ஹிபா கைப்பற்றினால்தான் பூர்த்தியாகும். இதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் ஒன்றே. பக்கத்து வீட்டுக்காரரை ஏற்பாடு செய்தது மகன். ஆகவே அவர் மகனுடைய வகீல். தாய் கைப்பற்றவில்லை; அனுப்பியவர் இறந்ததும் வகாலத்தும் முறிந்தது. எனவே அந்த 48,000 ரூபாய் மய்யித்தின் சொத்து. கஃபன் செலவு, கடன், வஸிய்யத்து போக மிஞ்சியதை வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டும். அவருக்குத் தாயும் மனைவியும் ஆண் பெண் மக்களும் இருந்து, தந்தை முன்பே இறந்திருந்தால், கழிவுகள் எதுவும் இல்லையென்று வைத்துக் கொள்ள, தாய்க்கு ஆறிலொன்று 8,000, மனைவிக்கு எட்டிலொன்று 6,000, மீதி 34,000 மக்களுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் இரக்கப்பட்டு முழுவதையும் தாயிடம் கொடுத்து விட்டால், அநாதைப் பிள்ளைகளின் பங்குக்கு அவர் பொறுப்பாளியாகி விடுவார். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் சட்டம் அதுதான். வயது வந்த வாரிசுகள் தம் பங்கை மனமுவந்து விட்டுக் கொடுக்கலாம். சிறு பிள்ளைகளின் பங்கை விட்டுக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை.

அதே பணம் தாயின் சொந்தக் கணக்கில் வந்திருந்தால், அல்லது 'நீங்க வாங்கி வையுங்க தம்பி' என்று தாயே பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்படைத்திருந்தால், 48,000மும் தாய்க்கே. வயதான தாய்மாருக்கும், கணவர் வெளியூரிலிருக்கும் பெண்களுக்கும் அவரவர் பெயரில் ஒரு கணக்கு இருப்பது எவ்வளவு அவசியம் என்பதை இதிலிருந்து தெரிந்து கொள்ளலாம். இருப்புத் தொகை இல்லாமலே கணக்குத் தொடங்கும் ஜன்தன் திட்டம் 2014 முதல் இருந்து வருகிறது. அந்தக் கணக்கில் சேரும் வட்டியை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்து விட வேண்டும் என்ற சட்டம் அடிக்கடி சொல்லப்பட்டிருப்பதால் இங்கு விரிக்கவில்லை. பெண்களுக்கு இன்னொன்றும் சொல்லி வையுங்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் போட வேண்டியதே இல்லை. 'பணம் வந்திருக்கிறது, எண்ணைப் போடுங்கள்' என்று யார் கேட்டாலும் அவன் திருடன்.

ஸகாத் அனுப்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெற்ற தாய் தந்தையருக்கும் பெற்ற மக்களுக்கும் அனுப்புவது ஸகாத்தாகாது. ஏழையான சகோதர சகோதரி, மாமி, சாச்சி ஆகியோருக்கு ஸகாத் கொடுக்கலாம். உறவைச் சேர்த்துக் கொண்ட நன்மையும் கிடைக்கும். ஓரூர் ஸகாத்தை வேறோரூருக்கு அனுப்புவது ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ். உறவினருக்கோ கூடுதல் தேவையுடையோருக்கோ அனுப்பினால் மக்ரூஹில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் பலமான கூற்றுப்படி அனுப்பக் கூடாது. பிற்கால ஷாஃபிஈ உலமாக்களில் சிலர் அனுமதித்துள்ளனர். தம் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்க. பாங்க் கட்டணத்தை ஸகாத்தில் சேர்க்கக் கூடாது. 20,000 ரூபாய் கடமையாகி, ஏழைக்குச் சேர்ந்தது 19,700 என்றால் 300 ரூபாய் இன்னும் பாக்கி. ஏழையின் கணக்கில் முழுத் தொகையும் விழுந்த பிறகு, அவருடைய பழைய பாக்கிக்காக பாங்க் பிடித்துக் கொண்டால், அது அவர் பணத்தில் பிடித்தது. உங்கள் ஸகாத் நிறைவேறி விட்டது. நடுவில் ஒரு வகீல் இருந்தால், அவரிடம் அனுப்பும்போது வைத்த நிய்யத் போதும். ஆனால் ஏழை கையில் அவர் கொடுக்கும் வரை கடமை நீங்காது. ரமளான் 29ஆம் இரவு அனுப்பி விட்டுக் கவலையற்றிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கிருந்து வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்புகிறவர்களும் உண்டு. அனுப்பும் காரணம் அன்பளிப்பா, உறவினர் பராமரிப்பா என்று செயலி கேட்கிறது. வியாபாரப் பாக்கியை அன்பளிப்பு என்று அழுத்துவது பொய். கைப்பேசியில் சொன்னாலும் பொய் பொய்தான்.

குர்பானிப் பணம் அனுப்புகிறவர்கள் நாளைக் கவனிக்க வேண்டும். பிராணி எங்கே அறுக்கப்படுகிறதோ அவ்விடத்து நேரமே கணக்கு என்பது ஹனஃபி நூல்களிலுள்ள சட்டம். ஆயினும் கடமையானவர் இருக்குமிடத்திலும் குர்பானி நாட்கள் இருந்து கொண்டிருப்பதே பேணுதல் என்று உலமாக்கள் கூறுகின்றனர். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சவூதியில் ஹஜ்ஜுப் பெருநாள் ஒரு நாள் முந்தி வந்தது. 2025இல் அங்கே ஜூன் 6, இங்கே ஜூன் 7. அப்படி வரும் ஆண்டில் நமக்குப் பிறை 12 என்றால் அங்கே 13 ஆகி, ஹனஃபி சட்டப்படி நாள் முடிந்திருக்கும். ஆகவே வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகிறவர், 'பெருநாளன்றோ மறுநாளோ அறுத்துடுங்க, மூன்றாம் நாளுக்கு வைக்காதீங்க' என்று அனுப்பும்போதே சேர்த்துச் சொல்லி விட வேண்டும்.